இரண்டு தொட்டி, ஒரே மருந்து: உடுமலைப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சைலேஜ் கெட்டதும் தேறியதும்

பின்னணி

உடுமலை வட்டாரத்தில் உள்ள ஒரு பால் பண்ணையில் அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்கும் பண்ணையம் அது. தோட்டம் 6 ஏக்கர், பாதிக்கு மேல் தென்னை. மாடுகள் 14. அதில் கறவை 10, மீதி கிடாரிகளும் வற்றிய மாடும். எல்லாமே கலப்பினம். பால் ஊர் சொசைட்டிக்குப் போகிறது. அவர்களுடைய மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் தொடர்பு. பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள், ஆனால் நடந்ததை நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும் என்று மனதார ஒப்புக்கொண்டார்கள்.

பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் ஆயக்கட்டு 4 மண்டலமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முறை வந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர். முறை வரும் பருவத்தில் காடு நிறைய மக்காச்சோளம் நிற்கும், தீவனம் மிஞ்சும். முறை இல்லாதபோது கிணற்றுத் தண்ணீர் தென்னைக்கும் ஒரு ஏக்கர் கம்பு நேப்பியர் கோ-4 புல்லுக்கும்தான் காணும். மாசி பிறந்தால் அந்தப் புல்லும் சுணங்கிவிடும். அப்புறம் சோளத்தட்டை வண்டிக்கணக்கில் விலைக்கு வாங்கித்தான் வைகாசி வரை ஓட்ட வேண்டும். மிஞ்சும் காலத்துத் தீவனத்தைச் சேமித்து வைத்துப் பஞ்ச காலத்தில் எடுத்துப் போடலாம் என்பதுதான் அவர்களைச் சைலேஜ் பக்கம், அதாவது பச்சைத் தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துச் சேமிக்கும் முறைக்கு, இழுத்தது. நியாயமான கணக்கு.

ஹாலோ பிளாக் சுவரும் சிமெண்ட் தரையுமாக இரண்டு தொட்டி கட்டினார்கள். ஒவ்வொன்றும் 10 அடி அகலம், 25 அடி நீளம், 5 அடி உயரம். நன்றாக மிதித்து நிரப்பினால் ஒன்றில் 20 டன் வரை கொள்ளும். அந்த 10 அடி அகலம் பின்னால் பெரிய விஷயமாக வந்தது.

முதல் வருடம் போட்ட விதம்

முதல் தொட்டியில் கோ-4 புல். ஐப்பசி மழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் வந்ததும் அறுக்க ஆரம்பித்தார்கள். ஆள் பற்றாக்குறை ஒரு பக்கம். தோட்டத்துத் தட்டு வெட்டும் மெஷினுக்கு மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரம் பார்த்துத்தான் வேலை என்பது இன்னொரு பக்கம். தொட்டி நிரம்ப நாலு நாளாயிற்று. கடைசி இரண்டு நாள் தூறலிலேயே அறுத்தார்கள். வாட விடவில்லை. அறுத்த புல் அப்படியே மெஷினுக்குப் போய், அங்கிருந்து தொட்டிக்குப் போனது.

இரண்டாவது தொட்டியில் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். மார்கழிக் கடைசியில், மணி பாதி இறுகியிருந்தபோது அறுத்தார்கள். பக்குவம் சரியான பக்குவம். சின்ன டிராக்டரை ஏற்றி மிதித்து, ஒன்றரை நாளில் மூடிவிட்டார்கள்.

இரண்டுக்கும் சேர்த்து தீவனக் கடை ஒன்றில் புளிக்கவைக்கும் பாக்டீரியா மருந்து 100 கிராம் பாக்கெட் இரண்டு வாங்கினார்கள். எந்தப் புல்லுக்கும் இது ஒன்றே போதும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். தொட்டிக்கு ஒரு பாக்கெட். குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் கரைத்துத் தெளித்தார்கள். புல் தொட்டிக்கு வெல்லம் போடவில்லை. பாக்டீரியா போட்ட பிறகு வெல்லம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்துக்கு மட்டும், நல்ல தீவனம் இன்னும் நன்றாக வரட்டும் என்று டன்னுக்கு 20 கிலோ வெல்லம் கரைத்து ஊற்றினார்கள். உப்பு இரண்டுக்கும் டன்னுக்கு 10 கிலோ.

வெல்லம் தேவைப்பட்ட தொட்டிக்குப் போகவில்லை, தேவைப்படாத தொட்டிக்குப் போனது. இந்தப் பண்ணையின் கதையில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

பங்குனியில் வந்த புகார்

மாசி நடுவில் இரண்டு தொட்டியையும் ஒன்றாகத் திறந்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கலந்து போட ஆரம்பித்தார்கள். பங்குனி முதல் வாரத்தில் எனக்குப் போன் வந்தது. நாளைக்கு 95 லிட்டர் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்த பால் 80க்குக் கீழே போய்விட்டது, சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைவாக வருகிறது, சாணம் இளகலாக இருக்கிறது, புதிதாக ஈன்ற பசு ஒன்று தீவனமே எடுக்கவில்லை என்றார்கள்.

அந்தப் பசுவின் மூச்சில் பழ வாடை அடித்தது. அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டுக் காய்ந்த தட்டை மட்டும் கொறித்துக்கொண்டிருந்தது. சிறுநீரைச் சோதித்ததில் கீட்டோன், அதாவது தீனி போதாமல் உடம்புக் கொழுப்புக் கரையும்போது உண்டாகும் பொருள், இருப்பது தெரிந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம், வாய் வழியாக புரொப்பிலீன் கிளைக்கால் கொடுத்தோம். சில நாளில் அது தேறிக்கொண்டது. ஈன்ற புதிதில் தீனி குறைந்தாலே கீட்டோசிஸ் என்ற இந்தக் கோளாறு வரலாம். கூடவே கெட்டுப்போன சைலேஜும் உள்ளே போனால் நிலைமை மோசமாகும், அதிலிருக்கும் பியூட்டிரிக் அமிலம் உடம்பில் கீட்டோனாகவே மாறும். அதனால் மாட்டைப் பார்த்த கையோடு தொட்டியைப் பார்க்கப் போனேன்.

முதல் துப்புக் கொடுத்தது அந்த அம்மாதான். பால் கறப்பதும் தீவனம் அள்ளிப் போடுவதும் அவர் வேலை. "தட்டுப் போட்டா திங்குதுங்க டாக்டர். இதப் போட்டா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க. எத்தன சோப்புப் போட்டுக் கழுவுனாலும் கை நாத்தம் போக மாட்டேங்குதுங்க" என்றார். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பும் முன்பே பாதி விடை அதில் இருந்தது. கையை விட்டுப் போகாத அந்த நாற்றம் பியூட்டிரிக் அமிலத்தின் அடையாளம்.

தொட்டியில் பார்த்தது

புல் தொட்டியின் அடியிலிருந்து கருஞ்சாறு வழிந்து வாய்க்காலோரம் தேங்கியிருந்தது. புல் கரும்பச்சையாக, கொழகொழவென்று விரலில் ஒட்டியது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. மண்வெட்டிக் காம்பைக் குத்தினால் தடையில்லாமல் முழங்கை ஆழம் இறங்கியது, அதாவது மிதித்தது போதவில்லை. புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 5.2 காட்டியது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். இத்தனை ஈரமுள்ள புல்லில் அது 4.2 பக்கம் இறங்கியிருக்க வேண்டும்.

மக்காச்சோளத் தொட்டி பார்வைக்கு அழகாக இருந்தது. இளமஞ்சள் நிறம், மணி உடைந்து கிடந்தது, உள்ளே தோண்டி எடுத்ததில் நல்ல புளிப்பு வாசனை, பி.எச். 3.9. ஆனால் வெட்டு முகத்தில், அதாவது தினம் தீவனம் வெட்டி எடுக்கும் பக்கத்தில், கை வைத்தால் சுட்டது. நீளமான வெப்பமானியை ஓரடி உள்ளே செருகினால் 45 டிகிரி. காலை நேரம், வெளியே 28தான். மேல் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை, அதற்குள் ஆங்காங்கே பச்சைத் திட்டு. முதல் நாள் சாயங்காலம் உதிர்த்துக் குவித்து வைத்திருந்ததில் ஆவி பறந்தது.

ஒரே பண்ணை, ஒரே மருந்து, ஒரே உப்பு. ஒன்று மூடியிருக்கும்போதே கெட்டுவிட்டது. மற்றது மூடியிருக்கும்வரை நன்றாக இருந்து, திறந்த பிறகு கெட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

தீவனத்தில் இருக்கும் சர்க்கரையை லாக்டிக் அமில பாக்டீரியா தின்று அமிலமாக மாற்றும். அந்தப் புளிப்புத்தான் மற்றக் கிருமிகளை அடக்கி வைக்கிறது. மக்காச்சோளத்தில் சர்க்கரை ஏராளம், அறுக்கும்போது தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருளும் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அதனால் சரியாக மிதித்து மூடினாலே தானாகப் புளிக்கும். பச்சையாக அறுத்த கோ-4 புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், சர்க்கரை குறைவு, தண்டுக்குள் காற்று வேறு. அமிலம் மெதுவாக ஊறும், ஊறியதும் நீர்த்துப்போகும். அந்த இடைவெளியில் மண்ணோடும் சாணத்தோடும் வந்து சேரும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி, உண்டான லாக்டிக் அமிலத்தையே பியூட்டிரிக் அமிலமாக மாற்றுகின்றன, புரதத்தையும் அமோனியாவாக உடைத்துவிடுகின்றன.

அவர்கள் வாங்கிய பாக்கெட்டில் இருந்தது லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம். நல்ல கிருமிதான், வேகமாகப் புளிக்கவைக்கும். ஆனால் தின்னச் சர்க்கரை இல்லாத இடத்தில் அதை விட்டு என்ன பயன்? அளவும் பாதிதான் போயிருந்தது. ஒரு கிராம் தீவனத்துக்கு ஒரு லட்சம் உயிருள்ள பாக்டீரியா வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பாக்கெட்டின் மேல் கிராமுக்கு 1,000 கோடி என்று போட்டிருந்தது. 100 கிராமில் ஒரு லட்சம் கோடி ஆகிறது, அது 10 டன்னுக்குத்தான் காணும். 20 டன்னுக்கு ஒரு பாக்கெட் போட்டிருக்கிறார்கள். அதிலும் குளோரின் கலந்த குடிநீரில் கரைத்ததால் உயிரோடு தொட்டிக்குப் போனது எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

மக்காச்சோளத்தில் குற்றவாளி ஈஸ்ட். காற்றில்லாத தொட்டிக்குள் அது சாகாமல் அடங்கிக் கிடக்கும். முகம் திறந்து காற்றுப் பட்டதும் மிச்சச் சர்க்கரையையும் லாக்டிக் அமிலத்தையும் எரித்துச் சூடு கிளப்பும். புளிப்புக் குறையும், அடுத்தாற்போல் பூஞ்சை ஏறும். பிளாண்டாரம் லாக்டிக் அமிலத்தை மட்டுமே பெரும்பாலும் தருகிறது. ஈஸ்ட்டை அடக்குவது காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலம். அதனால் மிக நன்றாகப் புளித்த மக்காச்சோளச் சைலேஜ், திறந்த பிறகு சீக்கிரம் சூடாவது வழக்கமாக நடப்பதுதான். மேலே ஊற்றிய வெல்லம் ஈஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் தீனியாகப் போயிற்று.

இதோடு அந்த 10 அடி அகலம் சேர்ந்துகொண்டது. எல்லா மாட்டுக்குமாக நாளைக்கு 240 கிலோ எடுத்தார்கள். 10 அடிக்கு 5 அடி முகத்தில் அது மூன்றரை அங்குலம் பக்கம்தான் வரும். இரண்டு தொட்டியிலும் பாதிப் பாதியாக எடுத்ததால் ஒவ்வொன்றிலும் ஒன்றே முக்கால் அங்குலம். நம் வெயிலுக்குக் குறைந்தது 6 அங்குலமாவது தினம் வெட்டி முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் காற்று நமக்கு முன்னால் உள்ளே போய்விடும், மாடு தின்பதெல்லாம் ஏற்கனவே சூடேறிய பகுதியாகவே இருக்கும்.

அப்போதைக்கு எடுத்த முடிவுகள்

புல் தொட்டியைக் கறவைக்கும் சினைக்கும் உடனே நிறுத்தினோம். இது அவர்களுக்கு மிகவும் வலித்தது. 20 டன் புல், நாலு நாள் கூலி. "இன்னொரு அம்பது கிலோ வெல்லத்தக் கரைச்சு மேல ஊத்துனா சரியாப் போயிருமுங்களா?" என்று கணவர் கேட்டார். பலர் இப்படி ஊற்றவும் செய்கிறார்கள். வெல்லம் போட்டால் மாடு கொஞ்சம் ஆசையாகத் தின்னும், அவ்வளவுதான். உண்டான பியூட்டிரிக் அமிலத்தை எந்தச் சேர்மானமும் திரும்ப எடுக்காது. புளிப்பு ஏறாத சைலேஜில் லிஸ்டீரியா போன்ற கிருமிகளும் வாழும், சினை மாட்டுக்கு அது கருச்சிதைவு வரை கொண்டுபோகும். மாடு தின்கிறது என்பதற்காகக் கொடுத்துவிட முடியாது.

நடுவில் ஓரளவு தேறிய பகுதியை மட்டும் பிரித்து, அரை நாள் பரப்பி ஆறவிட்டு, சினையாகாத ஒரு கிடாரிக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தோம். ஏறக்குறைய முக்கால் தொட்டி குப்பைக்குழிக்குப் போனது.

மக்காச்சோளத்தைக் காப்பாற்ற முடிந்தது. புரொப்பியோனிக் அமிலத்தை முகத்தில் தெளிக்கலாமா என்று யோசித்தோம். அது இறங்குவது மேலாக ஓர் அங்குலம்தான். ஓரடி உள்ளே ஏறிய சூட்டை அது தணிக்காது. காசு கொடுத்து வாங்கும் அளவுக்குப் பலன் இல்லை என்று விட்டோம். வேண்டியது வேகம்.

அதற்கு வழி சொன்னது அந்த அம்மாதான். அடுத்த தோட்டத்துப் பங்காளி வீட்டிலும் மாடு இருக்கிறது, அவர்களிடம் காய்ந்த சோளத்தட்டுப் போர் இருக்கிறது, நமக்கோ தட்டு வேண்டும். தினம் இவ்வளவு சைலேஜ் எடுத்துக்கொள்ளட்டும், நமக்குத் தட்டுக் கொடுக்கட்டும் என்றார். இரண்டு வீட்டுக்குமாக நாளைக்கு 400 கிலோவுக்கு மேல் எடுத்ததும் முகம் 6 அங்குலம் பக்கம் நகர ஆரம்பித்தது. கூடவே முழு அகலத்தையும் மேலிருந்து கீழாக நேராகச் சீவி எடுப்பது, பூஞ்சைப் பகுதியைத் தயங்காமல் எறிவது, காலையில் வேண்டியதைக் காலையிலும் மாலையில் வேண்டியதை மாலையிலும் எடுப்பது, உதிர்த்துக் குவித்து வைக்காதது. பத்து நாளில் முகத்துச் சூடு தணிந்தது. பால் சித்திரையில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்தது. ஒரு ரூபாய் மருந்துச் செலவு இல்லாமல் நடந்தது இது.

அடுத்த வருடத்துக்குச் செய்த முடிவுகள்

புல்லுக்கு என்ன சேர்ப்பது என்று பேசும் முன்னால் ஈரத்தை என்ன செய்வது என்று பேசினோம். அறுப்பை ஐப்பசியிலிருந்து புரட்டாசி முதல் பாதிக்கு, மழைக்கு முன்னால் கொண்டுவந்தோம். காலையில் அறுத்து மறுநாள் மதியம் வரை வாடவிட்டார்கள். நறுக்கிய புல் 100 கிராமை உறவினர் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில், பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, எடை இனிக் குறையாது என்கிற வரை விட்டு விட்டு உலர்த்தினோம். 25 கிராம் நின்றது, அதாவது உலர்பொருள் 25 சதம். அது 30 பக்கம் வர வேண்டும். அதற்கு 100 கிலோ புல்லுக்கு 10 கிலோ வீதம் நறுக்கிய காய்ந்த சோளத்தட்டைக் கலந்தார்கள். தட்டில் பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள், அதனால் கலவை 30ஐத் தாண்டிவிடும்.

சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைத் திப்பியை, அதாவது கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையை, கலந்தால் என்ன என்று கணவர் கேட்டார். ஈரம் உறிஞ்ச நல்லதுதான். ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்து, லாக்டிக் பாக்டீரியாவுக்கு அது நேரடியாகச் செல்லுபடியாகும் சர்க்கரை அன்று. அதனால் வெல்லத்துக்கு மாற்றாக அதைக் கணக்கில் எடுக்க முடியாது. தட்டு கைவசம் இருந்ததால் தட்டே போதும் என்று முடிவு செய்தோம்.

வெல்லம் டன் புல்லுக்கு 15 கிலோ. பச்சையாகப் போட்டிருந்தால் 20 கிலோவுக்கு மேலேயே வேண்டியிருக்கும். வாடவிட்டதால் கொஞ்சம் மிச்சம். 18 டன் புல்லுக்கு 270 கிலோ வெல்லம் சின்னச் செலவு இல்லை. சந்தைக்கு எடுபடாத கறுத்த வெல்லத்தை மடத்துக்குளம் பக்கத்துக் கரும்பாலையில் விலை குறைத்து வாங்கினார்கள். நிறம் கறுத்தால் பாக்டீரியாவுக்கு ஒன்றும் இல்லை.

பிளாண்டாரம் மருந்தை இந்த முறையும் புல்லுக்கு வைத்துக்கொண்டோம். இப்போது அதற்குத் தீனி இருக்கிறது, வேலை இருக்கிறது. 18 டன்னுக்கு இரண்டு பாக்கெட். காலாவதி தேதி பார்த்து வாங்கி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, தெளிக்கும் அன்று காலையில் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தார்கள். வெல்லக் கரைசல் ஆறிய பிறகுதான் மருந்து. தெளிக்கப் பூவாளி. பயிருக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானைக் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். அதில் ஒட்டியிருக்கும் பூஞ்சைக்கொல்லியும் பூச்சிமருந்தும் மாட்டுத் தீவனத்துக்குள் போகக் கூடாது.

மக்காச்சோளத்துக்கு வெல்லம் கிடையாது. பாக்டீரியா மருந்தை மாற்றினோம், லாக்டோபேசில்லஸ் புக்னெரி உள்ளதாக வாங்கினார்கள். இது லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியை அசிட்டிக் அமிலமாக மாற்றும், அது ஈஸ்ட்டைப் பிடித்து நிறுத்தும். ஆனால் நிதானமாக வேலை செய்யும் கிருமி. இரண்டு மாதமாவது மூடியிருந்தால்தான் பலன் தெரியும். அவசரப்பட்டு 30 நாளில் திறப்பவர்களுக்கு அந்தப் பணம் வீண்.

சொசைட்டியில் ஒருவர் யூரியா சேர்க்கச் சொல்லியிருந்தார். மக்காச்சோளத்தில் டன்னுக்கு 5 கிலோ யூரியா புரதத்தைக் கூட்டும், அதில் வரும் அமோனியா ஈஸ்ட்டையும் ஓரளவு அடக்கும், உண்மைதான். ஈரமான, சர்க்கரை குறைந்த புல்லில் அதே அமோனியா புளிப்பை ஏறவிடாமல் தடுத்துவிடும். அங்கே அது ஆபத்து. மக்காச்சோளத்திலும் நாங்கள் போடவில்லை. அந்த வீட்டில் தொட்டிச் சைலேஜ் கன்றுகளுக்கும் போகிறது, அசைபோடும் வயிறு முற்றாத கன்றுக்கு யூரியா கூடாது.

கடைசியாகச் சுவர். மக்காச்சோளத் தொட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, ஏறக்குறைய 5 அடியாக இரண்டு அறை ஆக்கினார்கள். தோப்புக்குள் உழும் சின்ன டிராக்டர் அதற்குள் நுழையும். இப்போது அதே 240 கிலோ எடுத்தாலும் முகம் நாளைக்கு 6 அங்குலத்துக்கு மேல் நகரும். மருந்துக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இந்தச் சுவருக்குச் செலவழியுங்கள் என்று நான் அழுத்திச் சொன்னேன். இந்த வட்டாரத்தில் பார்க்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை மாட்டு எண்ணிக்கைக்கு அகலம் அதிகம். பத்து மாட்டுக்காரர் ஐம்பது மாட்டுப் பண்ணையின் தொட்டியைப் பார்த்து அளவெடுத்துக் கட்டிவிடுகிறார்.

இரண்டாம் வருடம் நடந்தது

அந்த வருடம் அவர்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் முறை இல்லை. மக்காச்சோளத்தை வேறு மண்டலத்தில் நின்ற காட்டில் நின்றபடியே விலைபேசி வாங்கினார்கள். கதிரை ஒடித்து மணியில் பால் கோடு, அதாவது இறுகிய பகுதிக்கும் பால் பகுதிக்கும் நடுவே தெரியும் கோடு, பாதி இறங்கியிருக்கிறதா என்று பார்த்து நாள் குறிக்க முடிந்தது. மெஷின் வைத்து அறுத்து ஒரே நாளில் மூடினார்கள். புல்லுக்கு டிராக்டரில் ஓடும் வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்ததால் இரண்டு நாளில் முடிந்தது.

புல்லைத் தையில் திறந்தார்கள், பனி இருக்கும்போதே அதை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்பது திட்டம். அந்தத் தொட்டி இன்னும் 10 அடி அகலம்தான் என்பதால் பங்காளி வீட்டுப் பங்கு தொடர்ந்தது. அடியில் சாறு வழியவில்லை. நிறம் பாசிப்பயறு நிறம், வாசனை புளித்த மோர். பி.எச். 4.3. அந்த அம்மா ஒரு கையளவு எடுத்து முகர்ந்துவிட்டு, கையைக் கழுவாமலே பேசிக்கொண்டிருந்தார்.

மக்காச்சோளத்தை மாசிக் கடைசியில், மூடி 70 நாள் கழித்துத் திறந்தார்கள். லேசாகக் காடி வாசனை அடித்ததும் இதுவும் போச்சோ என்று பயந்து போன் செய்தார்கள். அந்தக் காடி வாசனைக்காகத்தான் அந்த மருந்து. மாடுகள் முதல் இரண்டு நாள் தயங்கின, அப்புறம் வழக்கம்போல் தின்றன. பி.எச். 4. பங்குனி வெயிலிலும் முகத்துச் சூடு வெளிச் சூட்டைவிட சில டிகிரிதான் கூட இருந்தது. ஒரு கூடை சைலேஜை நிழலில் தனியே வைத்துப் பார்த்ததில் நாலாம் நாள்தான் சூடு ஏறியது. முதல் வருடம் அது ஓர் இரவில் ஏறியது.

பங்குனியிலும் சித்திரையிலும் பால் விழவில்லை. விலைக்குத் தட்டு வாங்குவது பாதிக்கும் கீழே போயிற்று. இதை எல்லாம் சைலேஜ் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. அந்த வருடம் இரண்டு பசு மாசியில்தான் ஈன்றிருந்தன, அதன் பாலும் இதில் சேர்ந்திருக்கிறது. கீட்டோசிஸ் ஒன்றும் வரவில்லை.

ஒரு இடம் கெட்டது. மக்காச்சோளத் தொட்டியின் பின்பக்க மூலையில் தார்ப்பாயில் மயில் கொத்திப் போட்ட ஓட்டைகள் இருந்தன. மேலே சிந்திக் கிடந்த மணிக்காக வந்திருக்கும். அந்த ஓட்டைக்குக் கீழே ஓரடி ஆழத்துக்குக் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டடி தள்ளி அதே மருந்து போட்ட அதே தீவனம் பழுதில்லாமல் இருந்தது. ஓட்டையை அடைக்கும் சேர்மானம் கடையில் கிடையாது.

இனி மாற்றப்போவது

உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். டன்னுக்கு 10 கிலோ என்றால், நாளைக்கு 20 கிலோ சைலேஜ் தின்னும் பசுவுக்கு அதிலேயே 200 கிராம் உப்புப் போகிறது. அடர்தீவனத்திலும் தாது உப்புக் கலவையிலும் ஏற்கனவே உப்பு இருக்கிறது. ஈன்றெடுக்கப் போகும் கிடாரிகளுக்கு மடியில் நீர் கோப்பதற்கு இது துணைபோகும். அந்த அளவு உப்பு புளிப்புக்குச் செய்யும் உதவியைப் பாக்டீரியாவும் வெல்லமும் நன்றாகவே செய்கின்றன. இரண்டாம் வருடமும் பழக்கத்தில் கொஞ்சம் போட்டுவிட்டார்கள், மூன்றாம் வருடம் இல்லை.

தார்ப்பாய் மேல் பழைய டயர்களை நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் பழைய மீன்வலை போர்த்துவது என்று முடிவாகியிருக்கிறது. மூடிய பிறகு வாரம் ஒரு முறை சுற்றிவந்து ஓட்டை பார்த்து ஒட்டுப் போடுவது மகனின் பொறுப்பு.

கோ-4 புல்லைத் தொட்டிக்குக் கொண்டுபோவதையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தினம் அறுத்துப் பச்சையாகப் போட அதைவிட நல்ல புல் இல்லை. சைலேஜுக்கு என்று வரும்போது வாடவிட ஆள், கலக்கத் தட்டு, கரைக்க வெல்லம் என்று அதன் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் கிணற்றுத் தண்ணீரில் அரை ஏக்கர் தீவனச்சோளம், கோ.எஃப்.எஸ். 29 ரகம் போட்டு, பூ வந்த பிறகு அறுத்து நிரப்பலாம். தண்டில் சர்க்கரை இருக்கிறது, ஈரமும் குறைவு. பூக்கும் வரை விடுவதால் இளஞ்சோளத்து நச்சுப் பயமும் குறையும். கணவருக்கு இதில் சம்மதம். அந்த அம்மா, இருக்கும் கறுத்த வெல்லம் தீரும் வரையாவது புல்லைப் போடுவோம் என்கிறார். இந்த வருடம் ஒரு அறையில் புல், ஒரு அறையில் சோளம் என்று போட்டிருக்கிறார்கள். மாசியில் திறந்து இரண்டின் பி.எச்.சையும் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வைப்பதாகப் பேச்சு.